மீனுக்குப் பெயர் கேட்ட டாக்டர்

சேரன்மகாதேவியில், தாமிரபரணிக் கரையில் தூண்டிலும் கையுமாக உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுவனைக் கேட்டுப் பாருங்கள். இந்த ஆற்றில் என்ன மீன் கிடைக்கும் என்று கேளுங்கள்.

அவன் மூச்சு விடாமல் சொல்லுவான். கெண்டை, கெளுத்தி, விரால், அயிரை, ஆரல், உளுவை, விலாங்கு, வாளை!

எந்த மீன் எதைத் தின்னும், எந்த நேரத்தில் கடிக்கும், எதைப் பிடித்தால் கையில் முள் குத்தும் என்பதும் அவனுக்குத் தெரியும். இது பள்ளிக்கூடத்தில் படித்தது அல்ல. அப்பாவிடமும் மாமாவிடமும் ஆற்றங்கரையிலே கற்றுக்கொண்டது.

சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்பு, இப்படிப்பட்ட பெயர்களை எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார், ஒரு வெள்ளைக்காரர். அவர் மீன் வியாபாரி அல்ல. பட்டாளத்து டாக்டர்!

அவர் பெயர் பிரான்சிஸ் டே.

உலகத்தில் எங்கே மீன் ஆராய்ச்சி நடந்தாலும் அங்கே அவர் பெயரைச் சொல்லுவார்கள். இந்திய மீன்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை இன்றைக்கும் புரட்டுகிறார்கள். ஆனால் மீன் பிடிக்கும் நம்முடைய மக்களுக்கு அவரைத் தெரியாது. அவருடைய கதையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

கப்பல் ஏறினார்

பிரான்சிஸ் டே, 1829-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி பிறந்தார். ஊர், இங்கிலாந்தின் தென் பகுதியில் உள்ள மேர்ஸ்பீல்டு. வசதியான குடும்பம். பெரிய பண்ணை இருந்தது.

ஆனால் அவர் மூத்த மகன் அல்ல. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் பெரிய குடும்பங்களின் நிலம் மூத்த மகனுக்கே போய்ச் சேரும். இளைய பிள்ளைகள் பாதிரியார் ஆவார்கள். அல்லது பட்டாளத்தில் சேருவார்கள். அல்லது இந்தியாவுக்குக் கப்பல் ஏறுவார்கள்.

டே, லண்டனில் உள்ள செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரியில் வைத்தியம் படித்தார். பிறகு கிழக்கு இந்தியக் கம்பெனியின் சென்னைப் பட்டாளத்தில் உதவி டாக்டராகச் சேர்ந்தார். அது 1852-ம் ஆண்டு. அப்போது அவருக்கு வயது 23.

அந்த ஆண்டில்தான் பர்மாவில் இரண்டாவது சண்டை மூண்டது. டே அங்கே அனுப்பப்பட்டார். காயம் பட்ட சிப்பாய்களுக்குக் கட்டுப் போட்டார்.

பிறகு சில ஆண்டுகள் கழித்து, கொச்சிக்கு மாற்றல் கிடைத்தது. அந்த மாற்றல்தான் அவருடைய வாழ்க்கையையே மாற்றியது.

கொச்சி மீன்கள்

கொச்சியில் ஒரு பக்கம் கடல். ஒரு பக்கம் காயல். பின்னால் மலையில் இருந்து இறங்கி வரும் ஆறுகள். எங்கே திரும்பினாலும் மீன்!

டாக்டர் டே, ஆஸ்பத்திரி வேலை போக மிச்ச நேரத்தை மீனுக்கே கொடுத்தார். மீன்களைச் சாராயத்தில் ஊறப் போட்டுக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்தார். செதில்களை எண்ணினார். துடுப்பு முள்களை எண்ணினார். ஒவ்வொன்றுக்கும் உள்ளூரில் என்ன பெயர் என்று கேட்டு எழுதினார்.

மேல்நாட்டுப் பண்டிதர்கள் பலர் லண்டனில் உட்கார்ந்துகொண்டு, கப்பலில் வந்த செத்த மீன்களை வைத்து எழுதினார்கள். டே அப்படி அல்ல. உயிரோடு நீந்தும் மீனைப் பார்த்தார். இதை மறந்துவிடாதீர்கள். பிற்காலத்தில் இதனால் ஒரு பெரிய தகராறு வந்தது.

1863-ல் கொச்சி ராஜ்ஜியத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 1865-ல் மலபார் மீன்களைப் பற்றி மற்றொரு புத்தகம் வெளியிட்டார்.

அதே 1865-ல், திருவிதாங்கூர் மலை ஓடையில் கிடைத்த ஓர் அழகான மீனை உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். வெள்ளி நிற உடம்பு. அதன் மேல் கறுப்புக் கோடு. கோட்டுக்கு மேலே இரத்தச் சிவப்பில் ஒரு பட்டை. சென்னைக் கவர்னராக இருந்த சர் வில்லியம் டெனிசனின் பெயரை அதற்குச் சூட்டினார்.

டெனிசன் துரையை இப்போது யாருக்கும் நினைவு இல்லை. ஆனால் அந்த மீன் பிழைத்துக்கொண்டது! பல தேசங்களில் பணக்காரர்கள் அதை வாங்கிக் கண்ணாடித் தொட்டியில் விட்டு அழகு பார்க்கிறார்கள். வியாபாரிகள் அதற்கு வைத்த பெயர், மிஸ் கேரளா.

ஊட்டியில் தோல்வி

டேக்கு ஓர் ஆசை இருந்தது. நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளிலும், ஊட்டி ஏரியிலும் நல்ல மீன் இல்லையே என்று வெள்ளைக்காரர்கள் குறைப்பட்டார்கள். இங்கிலாந்தில் இருந்து டிரவுட் என்னும் மீனைக் கொண்டுவந்து விட்டால் என்ன?

1860-களில் டே இதற்கு முயற்சி செய்தார். அந்த மீனின் முட்டைக்குக் குளிர்ச்சி வேண்டும். சூயஸ் கால்வாய் திறந்ததோ 1869-ல்தான். அதற்கு முன்பு கப்பல் பயணம் எவ்வளவு நீளம் என்று நினைத்துப் பாருங்கள். வெயிலில் முட்டை என்ன ஆகும்?

முயற்சி பலிக்கவில்லை. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகுதான், வில்சன் என்ற நிபுணர் அதில் வெற்றி பெற்றார். 1907-ல் நீலகிரியில் அவலாஞ்சி என்ற இடத்தில் மீன் பொரிப்பகம் ஏற்பட்டது.

மூச்சு விடும் மீன்

டே நடத்திய ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். இது குழந்தைகளுக்கும் பிடிக்கும்.

விரால் மீனைச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் கொஞ்சமாக உள்ள குண்டானில் கூட, மணிக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கெண்டையை வெளியே எடுத்தால் கொஞ்ச நேரத்தில் செத்துவிடும். விரால் சாகாது. ஏன்?

டே, தொட்டியில் தண்ணீர் நிரப்பி, அப்படிப்பட்ட மீன்களை விட்டார். தண்ணீரின் மேல் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு வலையைக் கட்டினார். மீன்கள் தண்ணீருக்குள் நன்றாக நீந்தலாம். ஆனால் மேலே வந்து வாயைத் திறக்க முடியாது.

என்ன நடந்தது? தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் மீன்கள் மூச்சுத் திணறிச் செத்தன!

மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகுமா என்று கேட்டால் சிரிப்போம். விரால் சாகும். பனையேறியும் சாகும். அவை மனிதனைப் போலக் காற்றை வாங்கி வாழும் மீன்கள்.

பனையேறி என்றதும் இன்னொரு கதை நினைவுக்கு வருகிறது. 1791-ல் தரங்கம்பாடியில் டால்டார்ப் என்ற டேனிஷ் அதிகாரி, ஒரு பனை மரத்தில் மீன் ஏறுவதைக் கண்டதாக எழுதினார். ஐரோப்பாவே வாயைப் பிளந்தது. அந்த மீன் ஈரத் தரையில் செவுள் முள்ளை ஊன்றி நகரும் என்பது உண்மை. ஆனால் மரம் ஏறுமா? பருந்தும் காக்கையும் தூக்கிக்கொண்டு போய் மரத்தில் போட்டிருக்கலாம் என்று பிற்கால ஆராய்ச்சிக்காரர் ஒருவர் சொன்னார். எது எப்படியோ, தமிழர்கள் அதற்குப் பனையேறி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். டேயும் தன் புத்தகத்தில் அந்தத் தமிழ்ப் பெயரை எழுதிக்கொண்டார்.

அணை கட்டியவரின் சந்தேகம்

1867-ம் ஆண்டு. சர் ஆர்தர் காட்டன் ஒரு கேள்வியைக் கிளப்பினார்.

காட்டன் யார்? கொள்ளிடத்தில் அணைக்கட்டுகள் கட்டியவர். கோதாவரியில் அணை கட்டித் தெலுங்கு நாட்டின் பசியைத் தீர்த்தவர். அந்த அணைக்கார மனிதருக்கே ஒரு சந்தேகம் வந்தது. ஆற்றின் குறுக்கே அணை கட்டினால் மீன் என்ன ஆகும்?

உல்லம் என்று ஒரு மீன் உண்டு. வங்காளிகள் ஹில்சா என்று உயிரை விடுவார்களே, அதுதான். அது கடலில் வாழும். முட்டையிட மட்டும் ஆற்றில் ஏறி வரும். வழியில் அணை நின்றால் தாண்ட முடியாது. அணைக்குக் கீழே கூட்டம் கூட்டமாகத் தவிக்கும். அங்கே வலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் முட்டையிடாத மீனுக்கு அடுத்த ஆண்டு குஞ்சு ஏது?

இதை விசாரிக்க ஓர் ஆள் வேண்டும். சர்க்காருக்கு டாக்டர் டேயின் நினைவு வந்தது. அவரை அனுப்பினார்கள்.

தாமிரபரணிக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். அந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஏழு, வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே கட்டியவை. சேரன்மகாதேவி வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் கன்னடியன் கால்வாய் அப்படிப்பட்ட பழைய அணை ஒன்றில் இருந்துதான் பிரிகிறது. ஒரு பசு நடந்து போன வழியிலே அந்தக் கால்வாயை வெட்டினார்கள் என்று ஊரில் ஒரு கதை சொல்லுவார்கள். எட்டாவது அணைக்கட்டு, ஸ்ரீவைகுண்டத்தில் உள்ளது. டாக்டர் டே அணைகளையும் மீன்களையும் பற்றி விசாரித்துக்கொண்டிருந்த காலத்தை ஒட்டித்தான் அது எழும்பியது.

சென்னை மாகாணத்தோடு விசாரணை நிற்கவில்லை. ஒரிசா, வங்காளம், பர்மா, அந்தமான் என்று டே சுற்றினார். 1871-ல் அவரை இந்தியா முழுவதற்கும் மீன்வளத் தலைமை அதிகாரியாக நியமித்தார்கள். அதற்கு முன்பு அப்படி ஒரு பதவியே கிடையாது.

தாசில்தார்களுக்குக் கேள்வி

நாடோ பெரியது. ஒரு மனிதர் எத்தனை ஆறு, எத்தனை குளம் பார்க்க முடியும்? டே ஒரு வழி செய்தார். எல்லா ஜில்லாக்களுக்கும் கேள்வித் தாள் போயிற்று. கலெக்டர்கள் அதைத் தாசில்தார்களுக்கு அனுப்பினார்கள்.

உங்கள் ஊரில் மீன் தின்பவர்கள் எத்தனை பங்கு? சந்தைக்கு மீன் போதிய அளவு வருகிறதா? மீன் பெருகி இருக்கிறதா, குறைந்திருக்கிறதா? வலையின் கண் எவ்வளவு சிறியது? குஞ்சுகளைப் பிடிக்கிறார்களா? எப்படிப் பிடிக்கிறார்கள்? மீன்களுக்கு என்ன பெயர்?

மீனைத் தொட்டே பார்க்காத தாசில்தார்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் யாரைக் கேட்டார்கள்? வலைக்காரரைக் கேட்டிருக்க வேண்டும். அல்லது ஆற்றங்கரைச் சிறுவனைக் கேட்டிருக்க வேண்டும். அவனுடைய அறிவு தாசில்தார் மூலம் கலெக்டருக்கும், கலெக்டர் மூலம் டேக்கும் போய்ச் சேர்ந்தது.

பதில்கள் மூட்டை மூட்டையாக வந்தன. அவற்றை எல்லாம் சேர்த்து 1873-ல் பெரிய அறிக்கை ஒன்றை டே வெளியிட்டார்.

எந்த மீனுக்கு எந்தத் தந்திரம்?

நம்முடைய மக்கள் மீன் பிடிக்கும் முறைகள் ஒன்றா இரண்டா? மீனுக்கு மீன் தந்திரம் வேறு.

கெண்டைக்குச் சின்ன முள் போதும். சோற்றுப் பருக்கை அல்லது மாவு உருண்டையை இரையாகக் கோப்பார்கள். கெண்டை திருட்டுத்தனமாகக் கொறிக்கும். தக்கை லேசாக நடுங்கும். அந்த நொடியில் சுண்டி இழுக்க வேண்டும். ஒரு நொடி தப்பினால் இரையும் போகும், மீனும் போகும்.

கெளுத்தி அப்படி அல்ல. அது அடியில் மேயும். மண்புழு என்றால் உயிர். பொழுது சாய்ந்த பிறகு நன்றாகக் கடிக்கும். இரையை விழுங்கிக்கொண்டு தக்கையை நேராக உள்ளே இழுக்கும். பிடிப்பது எளிது. முள்ளில் இருந்து கழற்றுவதுதான் வேலை! முதுகில் ஒரு முள், பக்கத்துக்கு ஒரு முள். குத்தினால் கை வீங்கும்.

விராலுக்குத் தவளை வேண்டும். உயிருள்ள தவளையைத் தூண்டிலில் கோத்து, தாமரை இலைகளுக்கும் பாசிக்கும் இடையில் மெதுவாகத் துள்ளவிடுவார்கள். பதுங்கி இருக்கும் விரால் பாய்ந்து கவ்வும். விரால் மூச்சு வாங்க மேலே வரும் என்று சொன்னோம் அல்லவா? எந்த இடத்தில் தண்ணீர் குமிழ் விடுகிறது என்று பார்த்து, அங்கேதான் தூண்டில் போடுவார்கள். டே தொட்டியில் வலை கட்டிக் கண்டுபிடித்ததை, கிராமத்து ஆள் குளக்கரையில் நின்று கண்டுபிடித்து வைத்திருந்தான்.

வாளைக்குப் பெரிய வாய். சின்ன மீனையே அதற்கு இரையாகப் போட வேண்டும். விலாங்கு கல் இடுக்கில் இருக்கும். பிடித்தாலும் வழுக்கும். சாம்பலோ மணலோ தொட்டுக்கொள்ளாமல் அதைக் கையில் நிறுத்த முடியாது. ஆரல் சேற்றுக்குள் புதையும். அயிரை மணல் ஓடும் தெளிந்த நீரில் மேயும். அதற்குத் தூண்டில் வேண்டாம். இரண்டு பேர் ஒரு துணியை விரித்துப் பிடித்து அள்ளினால் போதும்.

கோடையில் குளம் வற்றும்போது ஊரே இறங்கும். ஊத்தா என்ற கூடையைப் பார்த்திருக்கிறீர்களா? மூங்கில் சிம்பால் முடைந்தது. அடிப்பக்கம் அகலம், மேல்பக்கம் குறுகல். இரண்டு பக்கமும் திறப்பு. முழங்கால் தண்ணீரில் அதை அங்கும் இங்கும் குத்திக்கொண்டே போவார்கள். உள்ளே மீன் முட்டினால் தெரியும். மேல் ஓட்டை வழியாகக் கையை விட்டு எடுப்பார்கள்.

ஆற்றில் வீச்சுவலை. வாய்க்காலில் பறி. இருட்டில் பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு வயலில் இறங்கி, வெளிச்சத்துக்கு மயங்கி நிற்கும் மீனை அரிவாளால் வெட்டுவதும் உண்டு.

இவை எல்லாம் சாமர்த்தியமான முறைகள். ஆனால் மனத்தைக் கலங்க வைக்கும் முறைகளும் இருந்தன.

நஞ்சும் பறியும்

மலை அடிவாரத்து மடுக்களில் நஞ்சு போடுவார்கள். காக்கைக்கொல்லி விதை, காரைக்காய், கள்ளிப் பால். இடித்துத் தண்ணீரில் கலந்தால் மீன் மயங்கி மிதக்கும். பெரியதை எடுத்துக்கொண்டு போவார்கள். குஞ்சுகள் வயிறு மேலாக மிதந்து அழுகும்.

வயலில் நடந்தது இன்னும் மோசம் என்று டே கருதினார்.

மழைக்காலத்தில் மீன்கள் ஆற்றில் இருந்து வாய்க்காலில் ஏறும். வாய்க்காலில் இருந்து வயலுக்கு வரும். ஆழம் இல்லாத, வெதுவெதுப்பான தண்ணீரில் முட்டையிடும். வருகிற வழியில் ஒவ்வொரு மடையிலும் பறி காத்திருக்கும். தப்பிப் போய் முட்டையிட்டாலும், குஞ்சு பொரித்து வெள்ளத்தோடு ஆற்றுக்குத் திரும்பும்போது அதே பறியில் விழும். பறியின் இடுக்கு எவ்வளவு? வலையின் கண் எவ்வளவு? பல ஊர்களில் இருந்து வந்த பதில்கள் தானிய மணியைத்தான் அளவாகச் சொல்லின! நகம் அளவு குஞ்சு கூட அதில் தப்பாது.

விராலின் கதையும் பரிதாபம்தான். விரால் தன் குஞ்சுகளைக் காவல் காக்கும் மீன். செந்நிறக் குஞ்சுகள் பந்து போல ஒன்றாகத் திரியும். தாயும் தகப்பனும் கீழே நின்று காக்கும். அந்தச் சமயத்தில் யார் நெருங்கினாலும் சீறிப் பாயும். அதனாலேயே அந்தச் சமயத்தில் அதைப் பிடிப்பது எளிது. பெரிய மீன் கூடைக்குப் போனால், நூற்றுக்கணக்கான குஞ்சுகளைக் கெண்டையும் கொக்கும் தின்று தீர்க்கும்.

சட்டம் வேண்டும் என்றார்

டே சர்க்காரிடம் சொன்னார். நஞ்சு போடுவதைத் தடை செய்யுங்கள். வலையின் கண்ணுக்கு ஓர் அளவு வையுங்கள். வாய்க்காலை மறித்துப் பறி வைப்பதை நிறுத்துங்கள். அணைகளில் மீன் ஏற வழி விடுங்கள்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் எதிர்ப்பு வந்தது. ஏழை மக்கள் வழிவழியாகப் பிடித்து வருவதைப் போலீஸ் போட்டுத் தடுப்பதா, அது கலகத்தில் கொண்டுபோய் விடாதா என்று அதிகாரிகளிலேயே பலர் தயங்கினார்கள்.

இதில் நாம் யார் பக்கம் பேசுவது?

அயிரையை எடுத்துக்கொள்ளுங்கள். அது வளர்ந்தாலே விரல் நீளம்தான். அதற்குமேல் வளராது. வலைக் கண்ணைப் பெரியதாக்கினால் கெண்டைக் குஞ்சு பிழைக்கும். உண்மைதான். ஆனால் அயிரையும் உளுவையும் யாருக்குமே கிடைக்காமல் போகும். சந்தையில் மீன் வாங்கக் காசு இல்லாத வீட்டில், வேலை முடிந்து வரும் தாய், வாய்க்காலில் ஒரு துணியை வீசி நாலு அயிரை அள்ளினால்தான் அன்றைக்குக் குழம்பு. அவளுக்கு என்ன பதில்?

இந்த இடத்தில் டாக்டர் டேயின் கண், மீனைப் பார்த்த அளவுக்கு அந்தத் தாயைப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது. ஆனால் அவரைக் குறை சொல்லி முடித்துவிடவும் முடியாது. ஆறு வெறுமையானால் முதலில் பட்டினி கிடப்பவளும் அவள்தான். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைக் கொடிய பஞ்சம் வாட்டியது. நெல் விளையவில்லை. அப்படிப்பட்ட நாளில் ஒரு மடுவில் மிச்சம் இருக்கும் மீன் எத்தனை உயிரைக் காப்பாற்றும் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டம் இல்லாமலே மீனைக் காத்த இடங்களும் நம் நாட்டில் உண்டு. பாபநாசத்தில் கோவில் படித்துறைக்கு முன்னால் ஆற்றில் பெரிய பெரிய மீன்கள் திரியும். பக்தர்கள் பொரி போடுவார்கள். யாரும் அவற்றின் மேல் வலை வீசுவது இல்லை. நஞ்சு போடும் கையே அங்கே பொரி போடுகிறது!

பெரிய புத்தகம்

டேயின் வீட்டு வாழ்க்கையில் சுகம் இல்லை. மனைவி இறந்தார். மறுமணம் செய்துகொண்டார். அந்த மனைவியும் விரைவிலேயே கண்ணை மூடினார். மீன் ஒன்றே அவருக்குத் துணை ஆயிற்று.

அவருடைய பெரிய புத்தகம் 1875 முதல் 1878 வரை நான்கு பகுதிகளாக வெளிவந்தது. பெயர், இந்திய மீன்கள். சுமார் 1,400 வகை மீன்களைப் பற்றி அதில் எழுதினார். கிட்டத்தட்ட 200 படத் தாள்கள். ஒவ்வொரு மீனுக்கும் எத்தனை செதில், எத்தனை முள், எந்த ஊரில் கிடைக்கும், எவ்வளவு நீளம் வளரும் என்று விவரம். அதோடு நிற்கவில்லை. தமிழில் என்ன பெயர், தெலுங்கில் என்ன பெயர், மலையாளத்தில் என்ன பெயர், வங்காளத்தில் என்ன பெயர் என்றும் எழுதினார்.

ஆங்கில எழுத்தில் அந்தத் தமிழ்ப் பெயர்கள் சில சமயம் கோணலாகத்தான் இருக்கும். படித்தால் சிரிப்பு வரும். இருந்தாலும் வலைக்காரரின் வாய்ச் சொல் அந்தப் பெரிய புத்தகத்தில் ஏறிவிட்டது.

1877-ல் டே வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் என்ற ஊரில் குடியேறினார்.

லண்டனில் தகராறு

லண்டன் மியூசியத்தில் மீன் பகுதிக்கு அப்போது ஆல்பர்ட் குந்தர் அதிகாரி. ஜெர்மனியில் பிறந்தவர். உலகத்து மீன்களுக்கு எல்லாம் எட்டுப் பாகங்களில் பட்டியல் போட்ட பெரிய மேதை.

டேயும் அவரும் ஒத்துப்போகவில்லை. குந்தர் குப்பியில் இருந்த மீனைப் பார்த்து எழுதினார். டே ஆற்றிலும் சந்தையிலும் மீனைப் பார்த்தவர். உங்கள் பட்டியலில் இது தப்பு, அது தப்பு என்று அச்சிலேயே எழுதினார். மேதைக்குக் கோபம் வராதா? பகை முற்றியது.

இதன் விளைவு என்ன தெரியுமா?

1883-ல் லண்டனில் உலக மீன் கண்காட்சி நடந்தது. டே, தான் சேர்த்த இந்திய மீன்களை அங்கே வைத்தார். ஆஸ்திரேலியாவில் இருந்து சிட்னி மியூசியத்தின் தலைவர் ராம்சே வந்திருந்தார். டே தன் மீன்களில் பெரும் பகுதியைச் சிட்னிக்கு விற்றுவிட்டார்! கல்கத்தாவுக்கும் ஐரோப்பாவின் மற்ற மியூசியங்களுக்கும் சில பகுதிகள் போயின. லண்டனுக்கு, சாகும் ஆண்டில்தான் மனம் இரங்கி ஒரு பகுதியைக் கொடுத்தார்.

இரண்டு பெரிய மனிதர்கள் போட்ட சண்டையில், நம் நாட்டு மீன்கள் குப்பிக்குள் அடைபட்டு, கடல் கடந்து, உலகத்தின் கடைசி மூலைக்குப் போய்ச் சேர்ந்தன. இந்திய மீனைப் பற்றி ஆராய விரும்பும் இந்தியர், ஆஸ்திரேலியாவுக்கு எழுதிக் கேட்க வேண்டிய நிலை வந்தது.

இறந்த பிறகு வந்த சட்டம்

டே சும்மா இருக்கவில்லை. இங்கிலாந்து மீன்களைப் பற்றியும் எழுதினார். அரசாங்கம் 1885-ல் அவருக்குப் பட்டம் கொடுத்தது. இந்திய மீன்களைப் பற்றிச் சுருக்கமாக மேலும் இரண்டு பாகங்கள் எழுதினார். அவை 1889-ல் வெளிவந்தன.

அப்போது அவரைப் புற்றுநோய் தின்றுகொண்டிருந்தது. 1889-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி செல்ட்டன்ஹாமில் காலமானார். வயது 60.

அவர் கேட்ட சட்டம் அப்போதும் வந்திருக்கவில்லை. அறிக்கை எழுதி 16 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1897-ல்தான் இந்திய மீன்பிடிச் சட்டம் நிறைவேறியது. ஆற்றிலும் குளத்திலும் நஞ்சு போடுவது குற்றம் ஆயிற்று. அதற்குள் நஞ்சை விடக் கொடிய ஒன்று வந்திருந்தது. டைனமைட் வெடி! தண்ணீரில் வெடியை வீசினால் தாயும் குஞ்சும் சேர்ந்தே சாகும். அதையும் அந்தச் சட்டம் தடுத்தது. வலைக் கண்ணின் அளவை அந்தந்த மாகாணம் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

சென்னை மாகாணத்தில் 1907-ல் மீன்வளத்துக்கு என்று தனி இலாகா உண்டாயிற்று. அதற்கு வித்திட்டவர் சர் பிரடெரிக் நிக்கல்சன். கூட்டுறவு இயக்கத்தால் பெயர் பெற்றவர்.

உல்லம் மீன் என்ன ஆயிற்று? 1934-ல் காவிரியில் மேட்டூர் அணை எழுந்தது. உல்லம் மேலே ஏறும் வழி அடியோடு அடைபட்டது. காட்டனும் டேயும் பயந்தது நடந்தேவிட்டது.

1952-ல் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஜிலேபிக் கெண்டை இந்தியாவுக்கு வந்தது. குளத்துக்குக் குளம் பரவியது. இன்று சேரன்மகாதேவியில் தூண்டில் போடும் சிறுவனுக்கு அதுவும் சொந்த ஊர் மீன்தான். டேயின் புத்தகத்தில் அதைத் தேடினால் கிடைக்காது.

இன்னொரு மீனும் அதில் தனியாகக் கிடைக்காது. 1950-களில் சைலஸ் என்ற இந்திய ஆராய்ச்சியாளர், தாமிரபரணியில் வாழும் ஒரு சிறு கெண்டையைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். ஆண் மீனின் முதுகுத் துடுப்பில் நூல் நூலாக நீண்ட இழைகள் தொங்கும். பார்க்க மிக அழகு. டே ஒரு கவர்னரின் பெயரை மீனுக்கு வைத்தார். சைலஸ், அந்த மீனுக்குத் தாமிரபரணியின் பெயரையே வைத்தார்.